நீல நாற்காலி

படீரென்று ஒரு சத்தம். தேய்க்கும் சக்கரத்தில் பூட்டியிருந்த லென்ஸ் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. இன்னொன்று அவன் சட்டைப் பையை உரசிக்கொண்டு தரைக்குப் போனது. சக்கரம் எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"எழுத்தாளரே!" முன்பக்கத்திலிருந்து கண்ணாடிக் கடை முதலாளியின் குரல் வந்தது. "காலையிலேர்ந்து இது ரெண்டாவது. கண்ணாடி கேட்டு வர்றவங்கள எல்லாம் தடவிக்கிட்டே திருப்பி அனுப்பப் போறீங்களா?"

"கை நழுவிடுச்சு சார்."

கைமேல் பழியைப் போட்டானே தவிர, நழுவியது கண்தான். மேசையோரம் சாய்த்து வைத்திருந்த போனில் அந்தக் கேள்வி மறுபடியும் வந்திருந்தது.

'அந்த நாற்காலி நீலமா?'

முகப்படம் இல்லாத கணக்கு. நேற்று சாயங்காலத்திலிருந்து மூன்று முறை அழித்துவிட்டான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. அந்த மூன்று சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. பிளாக் பண்ணலாம். ஆனால் பயந்துவிட்டான் என்று தெரிந்துபோகும்.

அவனுடைய பக்கத்தை நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அதில் ஒரு கதைகூட அவன் எழுதியதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத வலைப்பூக்களில் மேய்ந்து, நல்லதாக ஒன்று கிடைத்தால் எடுப்பான். எழுதியவர் பெயரை முதலில் நீக்கிவிடுவான். தேடிப் பிடித்துவிடாமலிருக்க நிறம், கிழமை என்று இரண்டு மூன்று இடங்களில் கை வைப்பான். கடைசிப் பாராவை மட்டும் படிக்காமலே வெட்டிவிடுவான். முடிவைக் கொடுத்தால் படிக்கிறவன் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறான். முடிவில்லாமல் விட்டு, 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால்தான் வாயைத் திறக்கிறான். இது அவன் கண்டுபிடித்த தொழில் ரகசியம். பதினோரு பேர் படித்ததை நாற்பதாயிரம் பேருக்குக் கொண்டுபோவதும் ஒரு சேவைதானே?

இந்தக் கதை 'குடைக்கம்பி' என்ற வலைப்பூவில் கிடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண். அவ்வளவுதான் கதை. எதிரே ஒருவர் செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். கூப்பிடும் ஒவ்வொரு பெயரும் தன் பெயர்போலவே அவளுக்குக் கேட்கிறது. அவனே அதை இரண்டு முறை படித்தான். அந்தப் பெண்ணை 'நான்' ஆக்கினான். நாற்காலியை நீலமாக்கினான்.

விளைவு அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அவன் உடம்பு தேற வேண்டுமென்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் பிரார்த்தித்தார்கள். நேற்று ஒரு வார இதழிலிருந்து போனே வந்துவிட்டது. 'புகைப்படத்தோடு போடுகிறோம். சொந்தப் படைப்பு என்று ஒரு வரி எழுதி, இன்று நான்கு மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.' அந்த ஒரு வரியை எப்போதோ தட்டெழுதி வைத்துவிட்டான். அனுப்பும் பொத்தான்மேல் விரல் போவதும் வருவதுமாக இருந்தது.

முதலாளி டீ கிளாசோடு உள்ளே வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் எப்ப வருது? எங்கிட்ட மறைக்காதீங்க. என் வீட்டம்மா படிச்சிட்டு, அடுப்புல பால் பொங்கினதுகூடத் தெரியாம அழுதுட்டிருந்தா."

"ஐயோ சார், அது கற்பனை. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"கற்பனையா!" முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரி வாசல மிதிக்காம இப்படி எழுத முடியுமா? உங்களப் போயி லென்ஸ் தேய்க்க வெச்சிருக்கேனே."

அவர் போனதும் டீயைத் தொடக்கூடத் தோன்றவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான். நிமிர்த்தினான். நாற்காலி எந்த நிறமாக இருந்தால் ஒருவருக்கு என்ன? இவ்வளவு பிடிவாதமாக யார் கேட்பார்கள்?

கடைக் கதவின் மணி அடித்தது. திரைத்துணியை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் தட்டச்சு வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பாள். ஆபீஸ் வேலையை வீட்டுக்குத் தூக்கிவருகிறாளே என்று அவன் கேலி செய்வதுண்டு. வேலை நாளில் அவள் கடைக்கு வந்ததே இல்லை.

"அக்கா, நீயும் படிச்சியா? பதறிட்டியா? அது சும்மா கதைக்கா. எனக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கு ஒண்ணுமில்லேன்னு எனக்குத் தெரியும்டா."

கீழே கிடந்த லென்ஸ் துண்டைக் குனிந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். குனிந்து எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. எத்தனை நாளாக இப்படி வாங்குகிறது? அவனுக்கு நினைவில்லை.

"பச்சைடா," என்றாள்.

"எது?"

"நாற்காலி. ஒரு கால் ஆடும். நாலு மணி நேரம் அதுல உக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா?"

எட்டிச் சுவிட்சை அணைத்தான். சக்கரம் உடனே நிற்கவில்லை. முனகிக்கொண்டே இன்னும் சில சுற்று சுற்றியது.

"அக்கா… அத நீயா…" பேர் போடாததற்கு ஏதோ ஒரு காரணம் சொல்ல வாயெடுத்தவன், அவள் மார்போடு அணைத்துப் பிடித்திருந்த பழுப்பு உறையைப் பார்த்தான். சொல்ல வந்தது மறந்துபோனது. "அப்ப… அந்த ரிப்போர்ட்?"

மேசைமேல் போன் அதிர்ந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"கடைசிப் பாராவ வெட்டிட்டியேடா," என்றாள் அக்கா. "இத தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அதுலதான் எழுதியிருந்தேன்."