எரியாத புண்

தடால் என்ற சத்தம் கேட்டுத் திரும்பினாள் அம்சவள்ளி. அவள் கணவன் இருசப்பன் உப்புக் கூடையோடு உப்பள வரப்பில் சாய்ந்து கிடந்தான். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது.

மாலைக்குள் அவனைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டாக்டர் கலைமதி அவனுடைய வலது பாதத்தைப் புரட்டினார். காய்த்துப்போன தோலை லேசாகக் கீறியதும் சீழ் வழிந்தது. இருசப்பன் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தான், முகம்கூடச் சுளிக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் கலைமதி அம்சவள்ளியை வெளியே அழைத்தார்.

"சுகர் எவ்வளவு நாளாம்மா?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குதுங்க. மாத்திரை ஒரு நாள் முழுங்குவாரு, நாலு நாள் மறந்துடுவாரு."

"உங்களுக்கு?"

"நான் பார்த்ததில்லைங்க. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"சிஆர்பின்னு ஒரு டெஸ்ட். உடம்புக்குள்ள அழற்சி இருந்தா ஏறும். சுகர் இருக்கிறவங்களுக்கு பொதுவா கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இவருக்கு எக்கச்சக்கமா ஏறியிருக்கு. கிருமியோட சண்டை போடுற அணுக்களை சுகர் சரியா வேலை செய்ய விடலை. சீழ் எலும்புக்குள்ள போயிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உயிர் தங்கும். இவ்வளவு நாள் ஏம்மா காட்டலை?"

"ஆறிடுச்சுன்னு நெனச்சேங்க."

உப்பளத்தில் கால் கிழியாதவர் யாருமில்லை. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தால் புண் இருக்கிறது, எரியாவிட்டால் ஆறிவிட்டது. அங்கே எல்லோருக்கும் அதுதான் கணக்கு. அவளே பாத்தித் தண்ணீரை மொண்டு அவன் காலில் ஊற்றுவாள்.

"எரியுதா?"

"உன் பேச்சுதாண்டி எரியுது. தண்ணி எரியலை."

சிரித்துக்கொண்டே வேலைக்குத் திரும்புவார்கள். மேலே தோலும் மூடிக்கொண்டதால் அம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்தாள்.

கலைமதி மெதுவாகச் சொன்னார். "புண் ஆறலைம்மா. சுகர்ல கால் நரம்பு செத்துப்போச்சு. நெருப்பை வச்சாலும் அவருக்குத் தெரியாது."

அம்சவள்ளி பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு வழியே அவன் கால்கள் தெரிந்தன. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துடுங்க. ஆளு இருந்தா போதும்."

கலைமதி தலையசைத்துவிட்டு நடந்தார்.

அம்சவள்ளி குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். குதிகால் வெடிப்பு ஆழமாகப் பிளந்திருந்தது. உள்ளே உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலை வைத்து அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

"டாக்டரம்மா... எனக்கும் பொங்கலுக்கு அப்புறம் எரியறதே இல்லைங்க."