நாற்காலியில் ஆள் உண்டா

1

இந்தக் கதை எனக்கு ஒரு விண்ணப்பப் படிவத்தில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கனவிலும் ரயில் பயணத்திலும் கதை வருகிறது. எனக்கு, 'இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்று அச்சடித்த கட்டத்துக்குள், நீல மையில், ஒரே வரியாக வந்தது: "அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்."

படித்ததும் அதை எழுதிய பெண்மணியைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அந்த வரியை என் சொந்த நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். என் யோக்கியதை இவ்வளவுதான் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊர், தைவானின் நடு மலைப் பகுதியில். பெயர் புலி. (விலங்கு இல்லை. என் சொந்தக்காரர்கள் இருபத்துமூன்று வருடமாக இதே நகைச்சுவையைச் சொல்லிச் சிரித்துவருகிறார்கள்.) இங்கே ஒரு சின்ன ஓவியக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டையில் எண்பது வார்த்தைக்குள் விளக்கம் எழுத வேண்டும். நின்று படிப்பவர்கள் எட்டாவது வார்த்தையில் நகர்ந்துவிடுவார்கள். எழுத்தாளனுக்குத் தன் இடத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது.

வசந்தம் வந்தால் எங்கள் கூடத்தில் 'படத்துக்குப் பூ' என்று பத்து நாள் நிகழ்ச்சி நடக்கும். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பதில் சொல்வதுபோலப் பக்கத்தில் பூ வைப்பார்கள். படிவங்களை வாங்கி அடுக்குவதும் நான்தான்.

2

இந்தக் கதைக்கு எழுதி அடித்துப்போட்ட தொடக்கங்களில் இரண்டை இங்கே வைக்கிறேன். தூக்கியெறிய மனம் வரவில்லை.

"மார்ச் மாத இளவெயில் சாளரத்தின் வழியே நழுவி, செம்பருத்தி இதழ்களின் மேல் ஒரு—"

(ஒரு என்ன? மூன்று நாள் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது, அந்தக் கூடத்தில் சாளரமே கிடையாது. வெயில் பட்டால் படம் வெளுத்துவிடும்.)

"பான் சியூயே கூச்ச சுபாவம் உள்ளவர். அறுபத்துமூன்று வயதிலும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத—"

(இதை நிறுத்தியதற்குக் காரணம், அவரை நேரில் பார்த்தேன்.)

படிவத்தில் அந்த வரியை எழுதிய சியூயே ஊருக்கு வெளியே ரோஜா பயிரிடுகிறவர். சின்ன லாரியில் வந்து, அதைக் கூடத்தின் இயக்குநர் கார் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டு, நேரே ஏழாவது படத்தின் முன்னால் போய் நின்றார். அங்கே நான் எழுதிய அட்டையை வாய்விட்டுப் படித்தார். அதில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'செம்பருத்தி வேலி, மூங்கில் நாற்காலி, ஆள் இல்லை. இந்த வெறுமை, நவீன மனிதனின் ஆழ்ந்த தனிமையை நோக்கி நம்மை அழைக்கிறது.'

யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"தனிமையா? அந்த வீட்டு முத்தத்துல பதினாலு கோழி, ரெண்டு வாத்து, பக்கத்து வீட்டு ரேடியோ. பேசுறதுகூட காதுல விழாது. நீ வந்து பாத்தியா?"

படம் வரைந்த 1981இல் எனக்கு ஐந்து வயது, வேறு நாட்டில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன்.

3

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்படியே என்றால், என் கை சும்மா இருந்த அளவுக்கு.

அந்தப் படத்தை வரைந்தவர் கோ திங்யாவ் என்ற பள்ளி ஓவிய ஆசிரியர். அவர் மனைவி காகித ஆலையில் வேலை செய்தார். சியூயேயும் அங்கேதான். அப்போது அவருக்கு இருபது வயது. படத்துக்கு உட்கார ஆள் வேண்டும் என்று மனைவி கேட்க, சியூயே பதினோரு ஞாயிற்றுக்கிழமை அந்த முற்றத்தில் போய் உட்கார்ந்தார். ஆசிரியர் படத்தைக் காட்டவில்லை. முடிந்ததும் பார்க்கலாம் என்றார். முடிந்ததும் படம் தைப்பேயில் ஒரு பெரிய கண்காட்சிக்குத் தேர்வானது.

சியூயே ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார், தைப்பேயில் என் படம் மாட்டியிருக்கிறது என்று. தோழிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, பஸ்ஸும் ரயிலுமாக ஐந்து மணி நேரம் போய்ப் பார்த்தார். சுவரில் செம்பருத்தி இருந்தது, நாற்காலி இருந்தது, அவர் இல்லை.

தோழிகளில் தூ பீசியா என்பவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆளு எங்கடி?"

திரும்பி வரும் ரயிலிலேயே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்: காலி நாற்காலி. அடுத்த ஞாயிறு சியூயே ஆசிரியரிடம் போய்க் கேட்டார். அவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, படத்துக்கு எது வேண்டுமோ அதுதான் இருக்கும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். மனைவி தலையைக் குனிந்துகொண்டார், யாரிடமும் சாட்சி சொல்லவில்லை. அந்த வருடமே இருவரும் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். இப்போது இருவரும் இல்லை. சியூயே பொய் சொன்னாள், அவள் அங்கே உட்காரவே இல்லை என்று ஆலையில் முடிவு கட்டிவிட்டார்கள். பீசியா இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறார். அவரும் சியூயேயும் தினமும் காலையில் பள்ளி மைதானத்தில் ஒரே வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்கிறார்கள். சியூயே இதைச் சொன்ன அன்றுவரை அந்தப் பெயர்தான்.

இந்த இடத்தில் முதல் வடிவத்தில் 'அவர் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். பிறகு ஒருநாள் இந்தப் பகுதியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்றைக்குத் தனக்குச் சளி பிடித்திருந்தது என்றார். நீக்கிவிட்டேன். அவர் அழாமல் சொன்னது இதுதான்:

"வரைஞ்சு அழிச்சிருந்தா, சரி, அந்த ஆளத் திட்டிட்டுப் போயிருவேன். வரையவே இல்லன்னா? பதினோரு ஞாயித்துக்கிழம நான் யாருக்காக முதுகு நிமித்தி உக்காந்திருந்தேன்?"

4

இங்கே லியாவ் வென்ஜுனைக் கொண்டுவர வேண்டும். கதையில் இரண்டாவது முக்கியப் பெண் கொஞ்சம் தாமதமாக வருகிறாரே என்று எனக்கும் கவலைதான். ஆனால் அவர் உண்மையிலும் அப்படித்தான், கூப்பிட்டால் வரமாட்டார். எங்கள் கூடத்தில் படங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது அவர் வேலை.

பூவைக் கொண்டாடும் நிகழ்ச்சியில் அவருக்கு ஒரே எதிரி பூதான். தண்ணீர் சிந்தும், மகரந்தம் ஒட்டும், பூச்சி வரும். பத்து நாளும் காலை ஏழரைக்கு வாசலில் மேசை போட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு காம்பையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். தோட்டத்தைப் பற்றி உருகி உருகி நான் அழைப்பிதழ் எழுதுவேன். வருகிற தோட்டத்தை அவர் வாசலில் நிறுத்திவைப்பார்.

சியூயே ரோஜாவை விட்டுவிட்டுச் செம்பருத்திக் கிளைகளைக் கொண்டுவந்தார். செம்பருத்தி ஒருநாள்தான் தாங்கும் என்பதால் தினமும் புதிதாகக் கொண்டுவரவும் ஒப்புக்கொண்டார். முதல் நாளே லியாவ் கிளையில் மாவுப்பூச்சி கண்டுபிடித்தார். நாற்பது வருடமாகச் செடி வளர்ப்பவரிடம் பூச்சி என்று சொன்னால் என்ன ஆகும்? சண்டை வரும் என்று நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். லியாவ் பூதக்கண்ணாடியை நீட்டினார். சியூயே வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பல்துலக்கும் பிரஷ் கேட்டு வாங்கி, கிளை கிளையாகத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். என் சண்டைக் காட்சி அதோடு போயிற்று.

கிளைகளை அவர் உயரமாக அடுக்கினார். பார்வையாளர் தாண்டக் கூடாது என்று தரையில் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கு, பூங்கொத்து சரியாக நாற்காலியின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். அளந்து செய்திருந்தார்.

மூன்றாம் நாள் தேய்த்துக்கொண்டே லியாவிடம் கேட்டார், படத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழி உண்டா என்று. உண்டு என்றார் லியாவ். மேல் வண்ணத்தைத் தாண்டி அடியிலிருக்கும் கரிக்கோட்டைக் காட்டும் கேமரா ஒன்று, வேறொரு படத்துக்காக தைச்சுங் நகரத்திலிருந்து இரவல் வருகிறது. கூடத்தின் வார விடுமுறை நாளில் அரை மணி நேரம் இதையும் பார்க்கலாம். முடிவைச் சியூயேயிடம் மட்டும் சொல்வேன், அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் போகாது என்றும் சொன்னார். இயக்குநரிடம் அதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். 'வேறு யாருக்கும்' என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

5

அந்த விடுமுறை நாளில் சியூயே தனியாக வரவில்லை. லாரியின் இன்னொரு பக்கத்திலிருந்து பீசியா இறங்கினார்.

இது என் கதையாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. பார்த்துவிட்டு, தனக்குச் சாதகமாக இருந்தால் மட்டும் தோழியைக் கூப்பிடுவதுதானே புத்திசாலித்தனம்? உள்ளே ஒன்றுமில்லை என்றால், மிச்சக் காலம் முழுக்க மைதானத்தில் தலைகாட்ட முடியாதே? அவரை ஓரமாகக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன் என்று நம்ப ஆசை.

"அப்புறமா கூப்பிட்டா நான் ஏதோ ஏற்பாடு பண்ணினேன்னு சொல்லுவா. என்ன இருக்கோ, ரெண்டு பேரும் ஒண்ணாப் பாப்போம்," என்றார்.

பீசியாவுக்கும் தர்மசங்கடம்தான். வாசலில் நின்று, தனக்கு மூட்டு வலி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேனே என்றார். சியூயே அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். அறை சின்னது என்று சொல்லி லியாவ் கதவைச் சாத்தினார்.

கதவில் காதை வைத்தேன். வைத்தேன், மறைப்பானேன். குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் பீசியா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னால் சியூயே. கழிவறை எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். அவர் திரும்பி வரும்வரை பீசியா சியூயேயின் பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. லாரி வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு போனார். அரிசி நூடுல்ஸ் சாப்பிடப் போவோம், நான் வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் காலை சியூயே வழக்கம்போல வந்து, கிளைகளைத் தேய்த்து, உள்ளே கொண்டுபோனார். ஆனால் பூ வைக்கும் மேடையை இடதுபக்கம் அரை மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னார். இப்போது செம்பருத்தி நாற்காலியை மறைக்கவில்லை. பக்கத்தில் நின்றது.

6

முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) கரிக்கோட்டில் ஒரு பெண் இருக்கிறாள், இருபது வயது, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளே உள்ளே இருக்கும்போது பூவால் நாற்காலியை நிரப்ப வேண்டாமே, அதனால்தான் மேடையைத் தள்ளினார். பீசியா வெட்கப்பட்டுப் பையைத் தூக்கினார். எல்லாம் பொருந்துகிறது. இவ்வளவு பொருந்துவதால் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

(ஆ) ஒன்றும் இல்லை, வெறும் நாற்காலி. இருப்பது இருக்கட்டும் என்று மேடையைத் தள்ளினார். பீசியா இரக்கப்பட்டுப் பையைத் தூக்கினார். இதுவும் பொருந்துகிறது. இரண்டு முடிவுக்கும் ஒரே சாட்சிகள் பொருந்தும்படி எழுதுகிறவனை என்ன சொல்வது?

(இ) கரிக்கோட்டில் பீசியா உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒருமணி நேரம் கழித்து, சினிமா பார்த்துக் கெட்டுப்போனவன் என்று புரிந்து, அடித்—

மைதானத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். நடக்கப் போனதாகத்தான் வீட்டில் சொன்னேன். பீசியா இப்போது அவரை "சியூயே" என்றுதான் கூப்பிடுகிறார். அதற்குக் காரணம் வெட்கமா, இரக்கமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க எனக்குக் காது போதவில்லை.

7

அட்டையை மாற்றிவிட்டேன். இப்போது படத்தின் பெயர், வரைந்தவர், வருடம் மட்டும் இருக்கிறது. பார்ப்பவர்கள் முன்னைவிட நெடுநேரம் நிற்கிறார்கள் என்று லியாவ் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கேமராவில் என்ன தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார். பீசியாவிடம் கேட்டேன். எனக்கு எதற்கு வம்பு, அவளைக் கேள் என்றார். கடைசி நாள், பூக்களை வந்தவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டுச் சியூயே கை கழுவும்போது, அவரிடமே கேட்டேன்.

"சொன்னா நீ எழுதிருவ."

தமிழில்தான் எழுதுகிறேன், இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்றேன். இதைவிடக் கேவலமாக நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"உங்க ஊர்ல படிக்கிறவங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? வந்து பாக்கச் சொல்லு. ஆளு இருக்கா இல்லையான்னு அவங்க சொல்லட்டும்."

சொல்லிவிட்டேன். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து. ஏழாவது படம்.