தம்பியின் முறை

தம்பிக்கு ஐம்பது முடிந்த சனிக்கிழமை, அலுவலகத்துக்காரர்கள் அவனைப் பழைய விளையாட்டு மெஷின்கள் நிறைந்த ஒரு பாருக்கு அழைத்துப் போனார்கள். அக்காவும் கூடப் போனாள். பாரில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருந்தது.

பதினாலு வயதில், பந்தைக் கீழே விழாமல் தட்டித் தட்டி ஆடும் பின்பால் மெஷினில் ஒன்பது லட்சம் பாயின்ட் அடித்தவன் என்று தம்பிக்கு ஊரெல்லாம் பேர். கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி, இரண்டு பேர் கிடைத்தால் போதும், கதையை அவிழ்த்துவிடுவான். அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே 'பின்பால் மன்னன்'. அந்த ஒன்பது லட்சத்தை அடித்தவள் அக்கா. முப்பத்தாறு வருஷமாக அவள் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் போனில் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை, உன் பொண்ணு முன்னாடி, அது அக்கா அடிச்சதுன்னு சொல்லிடுடா."

"சொல்லிட்டா போச்சு. இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?"

அவனுக்கு அது விஷயமில்லைதான்.

பாரில் தரையெல்லாம் பியர் சிந்திப் பிசுபிசுத்தது. மூலையில் நின்ற மெஷினைப் பார்த்ததும் அக்கா நேரே அதனிடம் போனாள். அன்றைக்கு அவள் ஒன்பது லட்சம் அடித்த அதே கப்பல் படம் போட்ட மெஷின். கூட வந்திருந்த தம்பி மகள் டோக்கனை உள்ளே போட்டு, "அத்தை, நீங்க முதல்ல. அப்பா ரெண்டாவது. ஆளுக்கு மூணு பந்து, மாத்தி மாத்தி," என்றாள்.

அக்கா ஸ்பிரிங் கம்பியை இழுத்துப் பந்தை விட்டாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் காலர் தைத்த கைகள் அவை. கீழே இரண்டு பக்கமும் இருந்த மட்டைகளைப் பொத்தானால் தட்டித் தட்டிப் பந்தை மேலே அனுப்பினாள். வேகம் மிஞ்சினால், ஒரு மட்டையைத் தூக்கிப் பிடித்துப் பந்தை அதன் மடியில் உட்காரவைத்தாள். பொத்தானை விடாதவரை அது அங்கேயே கிடக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு அடித்தாள். மட்டைகளுக்கு நடுவில் இருந்த ஓட்டைப் பக்கம் பந்து சாய்ந்தபோது இடுப்பால் மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள். கூட்டம் கைதட்டியது. பின்பால் மன்னனோ தன் இரண்டு பந்தையும் போட்ட வேகத்தில் ஓட்டைக்குள் விட்டான்.

அக்காவின் மூன்றாவது பந்து ஓடிக்கொண்டிருந்தபோது, தம்பி கிளாஸைத் தூக்கிப் பிடித்தான்.

"எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஒம்பது லட்சம் நான் அடிச்சதில்ல. எங்க அக்கா அடிச்சது!"

ஓவென்று சிரித்தார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிப் பந்து இரண்டாகத் தெரிந்தது. போதும், இது போதும் என்று நினைத்தாள்.

"அப்புறம் எப்படிப்பா மெஷின்ல முதலிடத்துல உங்க பேரோட மூணு எழுத்து வந்துச்சு?" மகள் விடவில்லை.

"தாத்தா வந்து பாதி ஆட்டத்துல அத்தையைத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டாரு. பந்து விழுந்ததும் மெஷின் பேர் கேட்டுச்சு. பக்கத்துல நான்தானே நின்னேன்? போட்டுட்டேன்."

"தாத்தாவுக்கு யார் சொன்னது?"

"நான்தான்! முக்கால் மணி நேரமா இவ பந்து விழவே மாட்டேங்குது. இது விழுந்தாதானே என் முறை? நேரா வீட்டுக்கு ஓடினேன். 'அப்பா, அக்கா பசங்க நடுவுல இடுப்பை ஆட்டிட்டு நிக்கிறா'ன்னேன். மனுஷன் பறந்து வந்தாரு, பின்னாடியே நானும்!"

மறுபடியும் சிரிப்பு. மகள் மட்டும் சிரிக்கவில்லை.

போட்டுக்கொடுத்தது மெஷின் வைத்திருந்த கடைக்காரன் என்றுதான் அக்கா இத்தனை காலம் நம்பியிருந்தாள். அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று எத்தனை தடவை சபித்திருப்பாள்! இழுத்துப்போனதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை அப்பா அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அதற்கப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் அனுப்பவில்லை. அடுத்த மாதம் காலர் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி காலேஜ் படித்தான். அப்பா படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிக்கொண்டே அவரை மன்னித்துவிட்டாள். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மன்னிக்க வேண்டிய இன்னொரு ஆள், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். இன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தான்.

பந்து இறங்கி வந்தது. அக்கா இடது மட்டையைத் தூக்கி அதை உட்காரவைத்தாள். அடிக்கவில்லை.

ஒரு நிமிஷம் போனது. ஐந்து நிமிஷம் போனது. கூட்டம் சலித்துப்போய் வேறு மெஷின்களுக்குக் கலைந்தது. அவள் விரல் பொத்தானைவிட்டு எழவில்லை.

"அத்தை, கை வலிக்கலையா?" என்றாள் தம்பி மகள். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

"என்னக்கா, விடுக்கா. இன்னும் எனக்கு ஒரு பந்து இருக்கு. என் முறை எப்ப வரும்?"

அவள் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வராதுடா. வேணும்னா போய் அப்பாவைக் கூட்டிட்டு வா."