இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினொன்று

அவள் குனிந்து அப்பாவின் வாயை முகர்ந்து பார்த்தாள்.

ஒன்பது வயதில் இது அவளுடைய வேலை. அப்பா பஸ் டிப்போவிலிருந்து வந்து கட்டிலில் விழுந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டுவாள். இவள் போய் முகர்ந்துவிட்டு வந்து தலையை ஆட்டுவாள். தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய வீடு. இப்போது ஆட்டிக் காட்ட யாரும் இல்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. அப்பா ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்வரை மஞ்சளேறிக் கிடந்தார். பாதி திறந்த வாயிலிருந்து மருந்து நெடியைத் தாண்டி அந்தப் பழைய குடி வாடை வந்தது. சந்தேகமே இல்லை.

"பாஸ்டர், எந்தக் குடுவையிலேர்ந்து ஊத்தினீங்க?"

திருவிருந்துப் பையை மூடிக்கொண்டிருந்த பாஸ்டர் நிமிர்ந்தார். பைக்குள் ஒரே மாதிரி இரண்டு சின்னக் குடுவைகள். ஒன்றில் சபைக்கான திராட்சரசம். இன்னொன்றில் உலர்திராட்சையை ஊறவைத்து வடித்த தண்ணீர். அது அப்பாவுக்கு மட்டும். அடையாளத்துக்கு அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் இருக்கும். பதினோரு வருடமாக அப்படித்தான்.

பாஸ்டர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். அறுந்த ரப்பர் பேண்ட் அடியில் கிடந்தது. அதை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா..." என்றார். "அது கர்த்தருடைய இரத்தம்மா. அதை அப்படிப் பார்க்கக் கூடாது."

"அப்படின்னா எதுக்குப் பதினோரு வருஷமா தனிக் குடுவை?"

பாஸ்டர் பையைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். எழுபது வயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

அவரிடம் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. கிண்ணம் உதட்டை விட்டு விலகியதும் அப்பாவின் கண் திறந்தது. மூன்று நாளாகத் திறக்காத கண். நாக்கு வெளியே வந்து மேலுதட்டை ஒரு முறை, கீழுதட்டை ஒரு முறை நக்கியது. பிறகு ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடியது. நக்கி முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். டிப்போ நாட்களில் பார்த்தது. இல்லை, வேறு ஏதோவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பா போய்விட்டார்.

நர்ஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையில் ஒரு சட்டை, வேதாகமம், பல் செட், பழைய செல்போன். பேப்பர்களில் கையெழுத்துப் போட்டு, சவப்பெட்டிக்குச் சொல்லி, அவள் வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மேசைமேல் பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஏழு மணிக்குப் பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

யாரும் கூப்பிடவில்லை. அலாரம். திரையில் 'பாப்பா' என்று இருந்தது, அப்பா அவளைக் கூப்பிடும் பெயர்.

தினமும் ஏழு மணிக்கு அப்பா போன் செய்வார். நலமா என்று கேட்கமாட்டார். ஓர் எண்ணை மட்டும் சொல்வார். "ஆயிரத்து நானூத்தி மூணு." அவள் "சரி" என்று வைத்துவிடுவாள். குடியை விட்ட புதிதில் அவள்தான் அவரிடம் சொல்லியிருந்தாள்: "டிப்போவுக்குப் போன் பண்ணி அப்பாவுக்குக் காய்ச்சல், அப்பாவுக்குக் காய்ச்சல்னு எத்தனை பொய் சொல்லியிருப்பேன்! இனிமே உங்களுக்காக என் வாயிலேர்ந்து ஒரு பொய் வராது." அவர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து போன் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு போனைக் காதில் வைக்கத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம் நேரிலேயே சொன்னார். கண் திறக்காமல் கிடந்தபோதும் ஏழு மணியானால் உதடு அசைந்தது. முந்தின நாள் மாலை அவள் காதை வைத்துக் கேட்டாள். ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினொண்ணு.

இத்தனை வருடத்தில் "சரி"க்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே அமுக்கி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேட்டரியைக் கழற்றினாள்.

மறுநாள் காலை பொத்தான் மாமா வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அப்பாவோடு வேலை செய்தவர். போர்வைகளுக்குள் கிடக்கும் பொத்தான்களையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். அதனால் அந்தப் பெயர். அங்கே அப்பாவுக்கு 'ஆமென்' என்று பெயர்.

"பாப்பா, கல்லறைக்குப் போற வழியில பெட்டியக் கூடத்துல இறக்குறோம். அஞ்சு நிமிஷம். மெஷினை நிறுத்துறேன்னு சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டாரு. அந்த ஆளு சொந்தக் கல்யாணத்துக்கே மெஷினை நிறுத்தாதவரு."

"எதுக்கு மாமா?"

"நாளு சொல்லணும்ல? நீதான் சொல்லணும். வீட்டு ஆளுங்க சொல்றதுதான் வழக்கம்."

வழக்கத்தை உண்டாக்கியதே அப்பாதான். வாரம் ஒரு நாள், ஷிஃப்ட் முடிந்ததும், குடியை விட்டவர்கள் அழுக்குத்துணி பிரிக்கும் அறையில் கூடுவார்கள். இருப்பதிலேயே குறைந்த நாள் உள்ளவர் கவிழ்த்த கூடைமேல் நடுவில் உட்காருவார். ஒவ்வொருவரும் தான் குடிக்காமல் இருந்த நாளைச் சொல்வார். பிறகு, நடுவில் இருப்பவருக்கு அடுத்தபடி குறைந்த நாள் உள்ளவர் முதலில் அவர் தோளில் கை வைப்பார். மற்றவர்கள் அப்புறம். பத்து வருடக்காரர் கடைசியில்தான்.

அப்பா நான்கு வருடம் முடித்திருந்தபோது ஓர் இருமல் வந்தது. பொத்தான் மாமா மருந்து வாங்கிக் கொடுத்தார். இரண்டு கரண்டி குடித்த பிறகுதான், அதில் ஆல்கஹால் இருப்பதை அப்பா பாட்டில் சீட்டில் படித்தார். அந்த வாரம் தானாகவே போய்க் கூடைமேல் உட்கார்ந்து "ஒண்ணு" என்றார். அது மருந்து, கணக்கில் வராது என்று எல்லாரும் சண்டை போட்டார்கள். "என் நாக்குக்கு மருந்துக்கடைக்கும் சாராயக்கடைக்கும் வித்தியாசம் தெரியாதுடா" என்றாராம். அன்று மாலை ஏழு மணிக்குப் போனில் அவளும் கேட்டாள். ஒண்ணு. சரி.

அவள் மாமாவிடம் ரப்பர் பேண்ட் விஷயத்தைச் சொன்னாள். நக்கியதைச் சொல்லவில்லை.

மாமா சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு முகம் தெளிந்தது. "இரு, இரு. படுக்கப் போறதுக்கு முன்னால சொல்றதுதானே கணக்கு? நேத்து ராத்திரி வரைக்கும் அவரு இருக்கவே இல்லையே. பன்னெண்டு மணிக்கே போயிட்டாரு. நேத்து நாளு கணக்குலயே வராது. முந்தா நாள் நம்பர்தான் நம்பர்."

"இது குடிகாரன் கணக்கு மாமா."

"நான் குடிகாரன்தானே?" என்றார் மாமா. சிரிக்கவில்லை. "புதுசா ஒருத்தன் வந்திருக்கான் பாப்பா. சலூன்காரன். உங்கப்பா கடைசியாப் புடிச்ச ஆளு. ஒம்பது நாளு. ஆமென் அண்ணனே ஒண்ணுன்னா, அவன் இன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போயிடுவான். யோசிச்சுச் சொல்லு."

அப்பா ஆள் பிடிக்கும் விதத்தை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள். டிப்போ வேலை போய், ஊரில் ஒருவரும் சேர்க்காமல், பாஸ்டர் சொல்லிக் கிடைத்தது இந்த வேலை. மலம், ரத்தம், சீழ். இரண்டு வாரத்துக்கு மேல் யாரும் நிலைக்காத, அழுக்குத்துணி பிரிக்கும் மேசை. அப்பா விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, "ஆமென்" என்று சொல்லி மெஷின் கூடையில் போடுவார். ஒரு நாளைக்கு அறுநூறு ஆமென். திடீரென்று ஒரு விரிப்பில் கை நிற்கும். முகத்தருகே தூக்கி முகர்வார். "இது நம்ம ஆளு" என்பார். குடியை நிறுத்திய உடம்பு மூன்றாம் நாளில் ஊற்றும் வியர்வைக்குத் தனி நாற்றம் உண்டு. மூட்டையில் கட்டியிருக்கும் சீட்டில் வார்டு எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் கை கழுவிவிட்டு அந்த வார்டுக்குப் போவார். கட்டில் கட்டிலாகத் தேடி, நடுங்கிக்கொண்டு கிடக்கும் ஆள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். உபதேசம் கிடையாது. "நான் உன் விரிப்பைத் தொவைக்கிறவன்" என்பார். அவ்வளவுதான்.

"கடவுள் எனக்கு மூக்கைக் குடுத்தது இதுக்குத்தான் பாப்பா" என்று அன்று அவளிடம் சொன்னார். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அதே மூக்கு அவளுக்கும் இருந்தது. அவளுக்கு அது எதற்கு என்று யாரும் சொன்னதில்லை.

மூன்று மணிக்குப் பெட்டியைப் பிரிப்பு மேசைமேல் வைத்தார்கள். பதினான்கு ஆண்கள், சோப்புத் தண்ணீரில் வெளுத்த கைகளோடு. பாஸ்டர் ஓர் ஓரத்தில். சூப்பர்வைசர் சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்தார். பெரிய மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சுற்றித் தளர்ந்து நின்றன. அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நடுவில் கவிழ்த்த கூடைமேல் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தலை படிய வாரியிருந்தது. தாடை நெடுகச் சவரக் காயங்கள். சொந்தக் கைதான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக நாள் சொன்னார்கள். நாலாயிரத்துச் சொச்சம். ஆயிரத்து இருநூறு. முன்னூற்றி எட்டு. நாற்பது. "ஒம்பது" என்றார் சலூன்காரர், தரையைப் பார்த்து.

பொத்தான் மாமா அவளைப் பார்த்தார். பெரிய எண் அவள் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் முடிந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் சார், இன்னைக்கு வரமாட்டாரு. ரொம்ப எளிது. சின்ன வயதில் சரளமாக வரும்.

"ஒண்ணு" என்றாள்.

"நேத்துக் காலையில திருவிருந்துல நிஜ ரசம் போயிடுச்சு. அவருக்குத் தெரியாது." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அப்புறம் உதட்டை நக்கினாரு. நான் பார்த்தேன்."

"ஊத்தினது நான்" என்றார் பாஸ்டர். அது யாருக்கும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

சலூன்காரர் முதல்முறையாக நிமிர்ந்தார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியை.

"அப்போ," என்றார், "அண்ணன் எனக்கு ஜூனியரா?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. பொத்தான் மாமாதான். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சலூன்காரர் கூடையை விட்டு எழுந்தார். முதலில் கை வைக்க வேண்டியவர் இப்போது அவர்தான் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சுற்றி நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். நாலாயிரக்காரரும் விலகினார். சலூன்காரர் மேசைவரை நடந்தார். தோள் எங்கே இருக்கும் என்று பெட்டியின் மூடியைக் கண்ணால் அளந்தார். பிறகு, சவரத்துக்கு முன் தாடையைப் பிடிப்பது போல, வலது கையை அதன்மேல் வைத்தார்.

"நான் ஒம்பது," என்றார் பெட்டியிடம். "நேத்து எட்டு."

இடது கையால் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இரும்புக் கைப்பிடி, திருகாணி சரியாக முடுக்காதது. கை நடுங்க நடுங்க அது மரத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டது. யாரும் போய் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அவளும் போகவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. சூப்பர்வைசர் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றார், போடாமல்.