தீர்ந்துபோன பட்டன்

1

ஒரு வணிகப் பத்திரிகை என்னிடம் கட்டுரைதான் கேட்டது: இணையக் கடையில் 'வாங்கு' பட்டனை எப்படி அமைத்தால் ஆட்கள் அமுக்குவார்கள். 'பட்டன் பெரிதாக, பளிச்சென்று' என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நடுவில் பானுப்பிரியா வந்துவிட்டாள். வந்தாள் என்பது பொய், நான்தான் உண்டாக்கினேன். (பொத்தான் என்று எழுதலாம். சட்டையில் தேடுவீர்கள்.)

2

2008, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. சிவகாசியில் ரத்தினசாமி அண்ணாச்சியின் பட்டாசுக் கடைக்குப் பானுப்பிரியா இணையதளம் செய்துகொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு. அம்மா சண்முகத்தாய்க்கு, அண்ணாச்சிக்குச் சரக்குப் போடும் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற வேலை. [முதல் வரைவில் அம்மா இல்லை. கதை சுலபமாக நடந்தது. நம்பத்தான் முடியவில்லை.]

சிவப்புப் பட்டனில் 'வாங்கு' என்று போட்டிருந்தாள்.

"ஏம்மா, மெட்ராஸ்காரன் என்ன நம்ம கடையில வேலை பாக்குறானா? மரியாதை குடுத்து எழுது" என்றார் அண்ணாச்சி.

'வாங்கவும்' என்று மாற்றினாள்.

"கரண்டாபீசு போர்டு மாதிரி இருக்கு."

கடைக்கு மத்தாப்பு வாங்க வந்த கனகமணி டீச்சரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பார்த்தாள். டீச்சர் எல்லாம் சரியாகச் செய்தார். பட்டன் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். "செவப்பா இருக்கே, தொட்டா ஏதும் ஆயிருமோ? பணம் உடனே போயிருமாம்மா?"

அன்று மாலை பட்டன் பச்சையானது. மேலே 'எனக்கு வேணும்'. கீழே சின்னதாக, 'பணம் இப்போது வேண்டாம். நாங்கள் கூப்பிடுவோம்.' வாங்குகிறவரே பேசுவதால் மரியாதைப் பிரச்சினையும் ஒழிந்தது.

முதல் வாரம் பதினொரு ஆர்டர். மூன்றாவது வாரம், ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

3

சண்முகத்தாய் பொழுது சாய்ந்து வந்து கை கழுவினாள். மருந்தின் வெள்ளிப்பொடி லேசில் போகவில்லை.

"நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல ஒம்பது பேரு உக்காந்திருக்கோம். சோறு திங்க விடமாட்டேங்கான் போர்மேன். அம்புட்டு ஆர்டராம்."

"எந்தக் கடை ஆர்டரும்மா?"

"ஒங்க கடைதான். எம்மக செஞ்ச பட்டன்தான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், ஏட்டி."

பானுப்பிரியா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

(இங்கே ஒரு வெடிவிபத்து எழுதினேன். ஒன்றேகால் பக்கம். அடித்துவிட்டேன். சிவகாசிப் பக்கத்துக் கதையை அப்படி முடிப்பது சுலபம். சண்முகத்தாய் மறுநாளும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது.)

மறுநாள் காலை பானுப்பிரியா பட்டனைச் சாம்பல் நிறமாக்கினாள். 'சரக்கு தீர்ந்தது.' அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அண்ணாச்சியிடம் கேட்கவில்லை.

4

அண்ணாச்சி கோபத்தில் அவளை வேலையை விட்டு

இல்லை. நடந்தது வேறு. போன் அடிக்க ஆரம்பித்தது. தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. சென்னை, கோவை, பெங்களூர். மூன்றாம் நாள் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நல்ல மூளை தாயி ஒனக்கு! இருக்கும்போது ஒருத்தன் கேப்பான், இல்லைன்னா பத்துப் பேரு கேக்காக. பட்டன் இப்படியே கெடக்கட்டும். போனை நீயே எடுத்து ஆர்டர் எழுதிக்கோ."

"அண்ணாச்சி, எங்கம்மா ரூம்புல நாலு பேருக்குப் பதிலா ஒம்பது பேரு இருக்காக. அதுக்குத்தான் பட்டனை அணைச்சேன்."

அவர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "கம்பெனிக்காரர்ட்ட சொல்லுதேன்" என்றார். பிறகு, "சீசன் முடியட்டும்."

போன் அடித்தது.

5

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அவள் ஆர்டர் எடுக்கிறாள்; இன்னொன்றில் வேலையை விடுகிறாள். இரண்டையும் பத்திரிகைக்கு அனுப்பவில்லை, உங்களுக்கும் தரப்போவதில்லை.

பானுப்பிரியா போனை எடுத்துவிட்டாள். மறுமுனையில் நீங்கள்தான். பிள்ளைகளுக்கு ஒரு கிப்ட் பாக்ஸ், இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கேட்பதில் தப்பே இல்லை. அவள் ஒருவேளை "இல்லைங்க" என்று சொல்லலாம்.

சொன்னால், இன்னொரு தடவை கேட்காதீர்கள்.