கத்தரிக்கோலுக்கு ஒரு நன்றிச் சீட்டு

தையல்காரி குளித்துவிட்டு வருவதற்குள் வீடு முழுக்க அட்டை முளைத்திருந்தது. அடுப்புக்கு மேலே ‘பசி தீர்க்கும் அடுப்பே, நன்றி’. நாற்காலி முதுகில் ‘என்னைத் தாங்குபவனே, நன்றி’. போன மழைக்காலத்திலிருந்து ஒழுகும் குழாய்க்கும் ஒன்று ஒட்டியிருந்தது. அது அதற்குள் ஊறி, மை வழிந்து, ஒரு பக்கமாகத் தொங்கியது.

எல்லாம் அவள் வீட்டுக்காரரின் திருப்பணி. அவர் குழாய்க் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். ஊரில் உள்ள குழாய்களுக்கெல்லாம் வாஷர் அவர் கையைத் தாண்டித்தான் போகிறது. தன் வீட்டுக் குழாய்க்கு ஒன்று மாட்ட வக்கில்லை. கம்பெனியில் ஏதோ பயிற்சி என்று உட்காரவைத்திருக்கிறார்கள். வீட்டுப் பொருளுக்கெல்லாம் நன்றி சொல்லிப் பழகினால் இருப்பதன் அருமை தெரியும் என்று எவனோ அளந்துவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு இவரே மேடையேறி, ‘இருப்பதே போதும்’ என்று பேசப்போகிறாராம். தம்ளருக்கு நன்றி எழுதத் தெரிந்த ஆளுக்குக் குடித்த தம்ளரைக் கழுவிவைக்கத் தெரியாது. உபதேசியார் என்று அவள் மனசுக்குள் பட்டம் கொடுத்து நாளாயிற்று.

அவளுக்கு இதோடு மல்லுக்கட்ட நேரமில்லை. வக்கீலம்மாவின் கறுப்புக் கோட்டு நாளைக் காலையில் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெண் முதன்முதலாகத் தனியாக நின்று வாதாடப்போகிறாள். “உங்களை நம்பித்தான்க்கா இருக்கேன்” என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மேல்துணி தைத்தாகிவிட்டது, உள்ளே வைக்கும் சாட்டின் லைனிங்தான் பாக்கி. துணியும் அளவெடுத்த மாதிரி அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வேறு, கடையெல்லாம் பூட்டு.

வெட்டுமேசைக்கு வந்தாள். கத்தரிக்கோலின் பிடியிலும் ஓர் அட்டை: ‘வெட்டும் தோழனே, நன்றி’. சீ என்று பிய்த்தெறிந்துவிட்டு, சாக்பீஸ் குறியின் மேல் கத்தரியை ஓட்டினாள். ஓடவில்லை. சாட்டினைக் கவ்வி, மென்று, நூல்நூலாகப் பிய்த்தது. சுதாரித்துக் கையை இழுப்பதற்குள் முதுகுத் துண்டில் குறுக்கே நீளமாக ஒரு கிழிசல் விழுந்துவிட்டது.

“என்னங்க! இந்த அட்டையெல்லாம் எதுல வெட்டினீங்க?”

அலமாரிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உன் கத்தரியிலதான். கெட்டி அட்டையாச்சே, சின்னக் கத்தரிக்கு மசியல. உன்னுது நல்லா கனமா இருந்துச்சு.”

துணிக் கத்தரி காகிதத்தைத் தொடக்கூடாது, தொட்டால் கூர் போய்விடும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கத்தரிக்கு நன்றி எழுத அதே கத்தரியின் வாயில் அட்டையைத் திணித்திருக்கிறார் மகானுபாவர். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

“வக்கீலம்மா துணி போச்சு. பாருங்க.”

பார்த்தார். பரிதாபமாகப் புன்னகைத்தார். “போனதையே நினைச்சுக்கிட்டு இருக்காதம்மா. இருக்கறதைப் பாரு. மனசு லேசாயிடும்.”

அவள் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. திட்டித் தீர்க்கலாம், திட்டினால் லைனிங் வருமா? அந்தப் பெண் நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போய் நிற்பாள்?

இருக்கறதைப் பாரு என்றாரே, பார்த்தாள். படுக்கையறைக் கதவில் அவருடைய கோட்டு, நாளைய மேடைக்காக இஸ்திரி போட்டுத் தொங்கியது. பையில் அட்டை: ‘என் மானம் காக்கும் கோட்டே, நன்றி’. அவள் கையால் தைத்ததுதான். உள்ளே அதே கறுப்பு சாட்டின். ஆளோ நல்ல அகலம். அவர் முதுகுத் துண்டில் வக்கீலம்மாவின் முதுகு தாராளமாக அடங்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னங்க, இந்தக் கத்தரியைச் சாணை பிடிச்சுட்டு வாங்க. தெருமுனைச் சாணைக்காரர் வீட்டுலதான் இருப்பாரு.”

வசவு வாங்காமல் தப்பித்த சந்தோஷத்தில் உபதேசியார் செருப்பை மாட்டிக்கொண்டு பறந்தார். அவள் பிளேடை எடுத்து, கோட்டைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். “பாத்தியா, புதுசு மாதிரி ஆயிடுச்சு! எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு. நாளைக்குப் பேச்சுல இதையும் சேத்துக்கப்போறேன்.”

அவள் கத்தரியை வாங்கி, ஒரு துண்டுத்துணியில் ஓட்டிப் பார்த்தாள். அருமையான கூர். மேசையில் விரித்திருந்த சாட்டினை நீவிவிட்டு, சாக்பீஸ் குறியில் வைத்து வெட்டத் தொடங்கினாள். சரசரவென்று வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவர் நாற்காலியைப் பார்த்தார். அவருடைய கோட்டு உள்தையலெல்லாம் பல்லிளிக்கக் குடல் உருவிக் கிடந்தது. நன்றி அட்டை மட்டும் பத்திரமாகப் பையிலேயே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

“அடிப்பாவி, அது என் கோட்டு! நாளைக்கு மேடையில அத்தனை பேரு முன்னால நான் எதைப் போட்டுக்கிட்டு நிக்கிறது?”

அவள் நிமிரவில்லை. குறி வளையும் இடத்தில் நிதானமாகக் கத்தரியைத் திருப்பினாள்.

“இருக்கறதே போதும்ங்க.”