அத்தான் அடிக்க வேண்டிய சல்யூட்

ராணுவ மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு நான் மனுப் போட்டதும் நாட்டுப்பற்று, சேவை மனப்பான்மை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்றுதான். என் அக்காவின் கணவர் எனக்குச் சல்யூட் அடிக்க வேண்டும்.

யோசனையைக் கொடுத்ததே அத்தான்தான். ராணுவத்தில் அவர் சாதாரணச் சிப்பாய். விடுமுறைக்கு வந்தால் எங்கள் சாப்பாட்டு மேசையில் தளபதி. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கரித்துக் கொட்டினார்.

"நேத்து படிச்சு முடிச்ச நர்ஸ் பொண்ணுங்க. சேர்ந்த அன்னைக்கே தோள்ல நட்சத்திரம். அதுங்களுக்கெல்லாம் நாங்க விறைச்சு நின்னு சல்யூட் அடிக்கணும். எல்லாம் தலையெழுத்து." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கவலைப்படாதே. உன்னை மாதிரி தனியார் ஆஸ்பத்திரியில பெட்பேன் தூக்குறவளுக்கு யாரும் அடிக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை சிரித்தாரே என்று அம்மாவும் சிரித்தாள். நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனேன். ஆனால் அந்தப் பேச்சை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில் அக்கா ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அத்தான் அறைந்ததில் செவிப்பறை கிழிந்திருந்தது. அழுதவளிடம் அவர் சொன்னாராம்: "இந்த வலிகூடத் தாங்க முடியலையா உனக்கு? எங்க ஆளுங்க குண்டு பட்டாக்கூட வாயத் திறக்க மாட்டாங்க." நான் பஞ்சைத் திரித்து அவள் காதைத் துடைத்தேன். அந்த வாரமே மனுவை அனுப்பினேன். போலீஸுக்குப் போகக் கூடாது என்று அம்மா காலில் விழாத குறையாகத் தடுத்துவிட்டாள். சரி, அவருடைய கோட்டைக்குள்ளேயே போய் அவருக்கு மேலே உட்கார்ந்து காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த சமயத்தில்தான் அத்தானிடமிருந்து போன் வந்தது. பயிற்சியில் கால் முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாராம். எனக்குத் தேர்வு நடக்கப்போகும் அதே ராணுவ மருத்துவமனைதான்.

"என் பொண்டாட்டிய அனுப்பி வைங்க. டிஸ்சார்ஜ் ஆனா வீட்டுல பாத்துக்க ஆள் வேணும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்தப் போனில் இல்லை.

அம்மா உடனே அக்காவின் பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். "முடியாம கெடக்கிற மனுஷன். இப்போ போகலைன்னா எப்போ போறது? கோபமெல்லாம் அதோட தீர்ந்துரும்." அக்கா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த முறை போனால் இன்னொரு காதும் போகும் என்று எனக்குத் தெரியும்.

"நான் எப்படியும் அங்கதான் போறேன். பாத்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் இவ எங்கயும் போகக் கூடாது" என்றேன். அம்மா பையின் வாயைக் கட்டி வாசல் பக்கம் வைத்தாள்.

மருத்துவமனையில் எங்களைக் கேள்வி கேட்டவர் நரைத்த தலையும் இஸ்திரி கலையாத சீருடையுமாக இருந்த மேட்ரன், அங்கே தலைமை நர்ஸ். எதற்காக ராணுவம் என்றார். மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்று அலுத்துக்கொண்டு, வந்திருந்த பெண்கள் எல்லோரையும் வார்டுக்கு அழைத்துப் போனார்.

அவர் உள்ளே நுழைந்ததும் வாசலில் இருந்தவர் "அட்டென்ஷன்" என்று குரல் கொடுத்தார். எழ முடியாதவர்கள் படுத்தபடியே விறைத்தார்கள். கைகள் போர்வைக்கு மேல் நேராக நீண்டன; கண்கள் கூரைக்குப் போயின. மேட்ரன் கேட்டாலொழிய யாரும் வாய் திறக்கக் கூடாது. தொப்பியும் சீருடையும் இல்லாததால் நோயாளிகள் சல்யூட் அடிப்பதில்லை என்றும் எங்களுக்கு விளக்கினார். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

ஜன்னலோரக் கட்டிலில் அத்தான் கிடந்தார். கடைக்கண்ணால் என்னைப் பார்த்ததும் அவர் தாடை இறுகியது. தலையைத் திருப்ப வழியில்லை.

"வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார் மேட்ரன்.

"வலியே இல்லை, மேடம்."

அத்தான் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. உள்ளே வீக்கம் ஏறிக் கட்டு இறுக்குகிறது, ரத்தம் போகவில்லை. இதற்கு வலி உயிர் போகும். ஆனால் வலி என்று சொன்னால் பக்கத்துக் கட்டில்காரர்கள் முன்னால் மானம் போய்விடும் அல்லவா? பொழுது சாயும்வரை இப்படியே விட்டால் கால் போய்விடும்.

மேட்ரன் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை; சும்மா நகர்ந்தால் போதும். அவர் பீற்றிக்கொண்ட வீரமே அவர் காலை வாங்கிக்கொள்ளும். அப்புறம்தான் அந்தக் காட்சி மனதில் வந்தது: ஒற்றைக் காலோடு அத்தான் எங்கள் வீட்டில், சீருடையைக் கழற்றிவிட்டு, அக்கா ஆயுள் முழுக்க அவருக்கு ஊழியம் செய்துகொண்டு. பாவம் மாப்பிள்ளை என்று அம்மா உருகிக்கொண்டு. கால் போனால் பட்டாளமும் போகும். பட்டாளம் போனால் எனக்கு வர வேண்டிய சல்யூட்டும் போகும்.

"மேடம், இவர் கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு" என்றேன்.

மேட்ரன் திரும்பி வந்து விரல் நகத்தை அழுத்தினார். வெளுத்த நகம் சிவக்கவே இல்லை. விரலை லேசாக நிமிர்த்தியதும் அத்தான் தொண்டைக்குள் முனகினார். மேட்ரன் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ அப்பவே கவனிச்சுட்டே. ஏன் பேசாம நின்னே?"

"இவர் என் அத்தான், மேடம்."

"அப்போ இன்னும் சீக்கிரமால்ல சொல்லியிருக்கணும்?"

"எங்க அக்காவுக்கு இப்போ ஒரு காதுதான் கேக்குது, மேடம். இன்னொன்ன இவர் அறைஞ்சு கிழிச்சுட்டார்."

வார்டு முழுக்க விறைத்துக் கிடந்தது. எல்லார் கண்ணும் கூரையில், எல்லார் காதும் எங்கள் பக்கம். அத்தானும் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார். பதில் பேச அவருக்கு உத்தரவு இல்லை. அந்த அமைதியை மேட்ரன் அவசரப்பட்டுக் கலைக்கவில்லை.

டாக்டர் வந்து கட்டை வெட்டிப் பிரித்தபோது அத்தான் வாய்விட்டு அலறினார். விரல்களில் மெல்ல நிறம் திரும்பியது. மூச்சு அடங்கியதும், "அவள வரச் சொல்லு" என்றார்.

"வரமாட்டா, அத்தான். வலி தாங்கத் தெரிஞ்சவர்தானே நீங்க. தாங்கிக்கோங்க."

நான் கிளம்பும்போது மேட்ரன் சொன்னார், "சேர வர்ற அன்னைக்கு அந்தக் கோபத்த கேட்டுக்கு வெளியிலயே விட்டுட்டு வா." சரி என்று தலையாட்டினேன். அது பொய்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா வலது காதை என் பக்கம் சாய்த்து முழுவதையும் கேட்டாள்.

"நீ சொல்லாம வந்திருக்கலாம்" என்றாள்.

"கால் இருந்தாத்தானேக்கா பட்டாளத்துல இருப்பார்? அங்க இருந்தாத்தானே எனக்குச் சல்யூட் அடிப்பார்?"

அக்கா எழுந்து வாசலில் இருந்த பையை உள்ளே கொண்டுவந்து, கட்டை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். கடைசிச் சேலையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சல்யூட் எந்தக் கையால அடிப்பாங்க?"

"வலது கையால."

அவள் விரல் இடது காதைத் தொட்டது.

"அந்தக் கைதான்" என்றாள்.